நகர மையம் மீள்கிறது, யார் காசில்?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரின் நடுவே 44 மாடிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் அலுவலகமாக இருந்த அந்தக் கட்டடம் 2006-ல் 20 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. 2017-ல் நிறுவனம் காலி செய்துகொண்டு போனது. அதன்பின் யாரும் வாடகைக்கு வரவில்லை. 2024-ல் அதே கோபுரம் கைமாறியபோது விலை 40 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை.

ஆண்டைக் கவனியுங்கள். கோபுரம் காலியானது பெருந்தொற்றுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பழக்கம் வந்ததால்தான் அமெரிக்க நகரங்களின் டவுன்டவுன் எனப்படும் மையப் பகுதிகள் வெறிச்சோடின என்று இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதில் பாதிதான் உண்மை. 1950-ல் செயின்ட் லூயிஸின் மக்கள்தொகை 8,56,796. 2020 கணக்கெடுப்பில் 3,01,578. இதே காலத்தில் டெட்ராய்ட் 18.5 லட்சத்திலிருந்து 6.4 லட்சத்துக்கும், கிளீவ்லேண்ட் 9.15 லட்சத்திலிருந்து 3.73 லட்சத்துக்கும் இறங்கின. இவர்கள் எல்லோரும் வேறு மாநிலத்துக்குப் போய்விடவில்லை. செயின்ட் லூயிஸையும் புறநகர்களையும் சேர்த்தால் இன்றும் ஏறக்குறைய 28 லட்சம் பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் நகராட்சி எல்லைக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்க நகராட்சிகளின் வரவுசெலவில் அந்த எல்லைதான் எல்லாம். சொத்து வரியில் பெரும்பகுதி உள்ளூரிலேயே வசூலாகி உள்ளூரிலேயே செலவாகிறது. குடும்பம் எல்லையைத் தாண்டினால் வரியும் தாண்டிவிடும். ஆனால் பழைய சாலைகளும் கழிவுநீர்க் குழாய்களும் ஓய்வூதியக் கடனும் நகரத்திலேயே தங்கிவிடும்.

இந்த எழுபது ஆண்டுகளில் நகர மையத்தைக் காப்பாற்றப் போட்ட திட்டங்களுக்குக் கணக்கே இல்லை. எல்லாத் திட்டமும் வரைபடத்தில் ஒரு கோடு கிழித்துத்தான் தொடங்குகிறது. கோட்டுக்கு உள்ளே எழுந்த கட்டடங்களைக் காட்டி வெற்றி அறிவிக்கப்படுகிறது. கோட்டை ஒட்டி வெளியே என்ன ஆனது என்று பார்த்தால்தான் திட்டம் தேறியதா இல்லையா என்று தெரியும் என்பது என் எண்ணம். இதற்கு டெட்ராய்ட்டைவிட நல்ல பாடம் இல்லை.

தன் கடையைத் தானே கொன்ற கடை

டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் இருந்த ஹட்சன்ஸ், நாட்டின் மிகப்பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் ஒன்று. 1881-ல் தொடங்கிய நிறுவனம். நகரத்தில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோதே, 1954-ல், அந்த நிறுவனம் நகர எல்லைக்கு வெளியே சவுத்ஃபீல்டு என்ற புறநகரில் நார்த்லேண்ட் என்ற பெரிய வணிக வளாகத்தைத் திறந்தது. வடிவமைத்தவர் விக்டர் க்ரூயன். நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவிலிருந்து வந்த கட்டடக் கலைஞர். இரண்டு ஆண்டுகள் கழித்து மினசோட்டாவின் எடைனாவில் முழுவதும் கூரையிட்டு, உள்ளே தட்பவெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட சவுத்டேல் என்ற வணிக வளாகத்தையும் அவரே வடிவமைத்தார். இன்று உலகம் முழுக்க நாம் பார்க்கும் மாலுக்கு அதுதான் முன்மாதிரி.

அதே 1956-ல் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. 41,000 மைல் விரைவுச்சாலை. செலவில் 90 சதவீதம் வாஷிங்டனின் பொறுப்பு. புறநகரில் புது வீடு வாங்க அரசு உத்தரவாதத்தோடு கடன் கிடைத்தது, அதுவும் பெரும்பாலும் வெள்ளையர்களுக்கு. கறுப்பர்கள் வாழ்ந்த நகரப் பகுதிகளை அபாயம் மிகுந்தவை என்று 1930-களிலேயே வரைபடத்தில் சிவப்பு பூசி வைத்திருந்தார்கள். அங்கே கடன் எளிதில் பெயராது. வீடு அங்கே, சாலை அங்கே, ஹட்சன்ஸும் இப்போது அங்கே. உட்வர்ட் அவென்யூ கடை 1983-ல் மூடப்பட்டது. 1998-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடைசியில் நார்த்லேண்டும் 2015-ல் மூடியது. அதைவிடத் தொலைவில், அதைவிடப் புதிய மால்கள் வந்துவிட்டிருந்தன.

க்ரூயன் தன் மால் வடிவத்தைப் பழைய நகர மையத்துக்குள்ளும் கொண்டுவரப் பார்த்தார். மிஷிகன் மாநிலத்தின் கலமசூ நகரம் அவர் திட்டப்படி 1959-ல் தன் கடைத்தெருவில் கார்களைத் தடைசெய்து நடைபாதை வளாகமாக்கியது. ஏராளமான நகரங்கள் அதைப் பின்பற்றின. புறநகர் மாலின் வாசலில் கார் நிறுத்த இடம் இருந்தது, நகரக் கடைத்தெருவில் அது இல்லை. நடந்து வரக்கூடிய தூரத்தில் குடியிருந்தவர்களோ குறைந்துகொண்டே வந்தார்கள். கலமசூ 1998-ல் மறுபடி கார்களை அனுமதித்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ 2017 வரை தாக்குப்பிடித்துவிட்டு அதுவும் கைவிட்டது.

இடித்து மீட்பது

நடந்து வரக்கூடியவர்கள் ஏன் குறைந்தார்கள்? அவர்களை அரசே கிளப்பிவிட்டது என்பதுதான் இந்தக் கதையில் மிகக் கசப்பான பகுதி.

1949-ம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் முதல் பிரிவு இப்படி இயங்கியது. நகராட்சி ஒரு பகுதியைச் 'சீரழிந்த பகுதி' என்று அறிவிக்கும். நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும், வீடுகளை இடிக்கும், காலி நிலத்தைக் குறைந்த விலைக்குத் தனியாருக்கு விற்கும். இதில் ஏற்படும் நட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு கொடுத்துவிடும். வாஷிங்டன் நகரின் தென்மேற்குப் பகுதியில் நல்ல நிலையில் இருந்த ஒரு கடையையும் இப்படி எடுத்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பகுதி முழுவதும் சீரழிந்தது என்றால் தனித்தனிக் கட்டடத்தின் நிலையைப் பார்க்கத் தேவையில்லை என்று 1954-ல் பெர்மன் எதிர் பார்க்கர் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதன்பிறகு தடுக்க ஆளில்லை.

டெட்ராய்ட் மையத்தின் கிழக்கு விளிம்பில் பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்ற இரண்டு கறுப்பர் குடியிருப்புகள் ஒட்டியிருந்தன. அவற்றின் முதுகெலும்பு ஹேஸ்டிங்ஸ் தெரு. கடைகள், மருத்துவர்கள், இசைக்கூடங்கள், தேவாலயங்கள் எல்லாம் அந்த ஒரு தெருவில். பிளாக் பாட்டத்தை இடித்த பிறகு அந்த நிலம் ஆண்டுக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தது. பிறகு மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த லஃபாயெட் பார்க் குடியிருப்பு வந்தது. பார்க்க அழகானது, பழைய ஆட்களுக்கு எட்டாதது. ஹேஸ்டிங்ஸ் தெரு இருந்த பாதையில் பள்ளம் தோண்டி 1964-ல் ஐ-375 விரைவுச்சாலையைத் திறந்தார்கள்.

பிட்ஸ்பர்க்கில் லோயர் ஹில் பகுதியிலிருந்து சுமார் 8,000 பேர் வெளியேற்றப்பட்டு அங்கே 1961-ல் ஒரு விளையாட்டரங்கம் வந்தது. அந்த அரங்கத்தையும் 2012-க்குள் இடித்து முடித்துவிட்டார்கள். செயின்ட் லூயிஸின் மில் க்ரீக் வேலியில் 1959-லிருந்து சுமார் 20,000 பேர் வீடிழந்தார்கள். வெறுமையாகக் கிடந்த அந்த நிலத்தை ஊர்க்காரர்கள் 'ஹிரோஷிமா ஃபிளாட்ஸ்', அதாவது ஹிரோஷிமா பொட்டல், என்று அழைத்தார்கள்.

இதை இனவெறியின் வரலாறாகப் படிப்பது சரி. ஆனால் வணிகத்தின் வரலாறாகவும் படிக்க வேண்டும். நகர மையத்துக் கடைக்கு மாலை ஆறு மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் வரக்கூடியவர் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்தான். புறநகர்க்காரரைக் காரில் வரவழைப்பதற்காக அந்தப் பக்கத்துத் தெருவையே அகற்றினார்கள். சாலை வந்ததும் புறநகர்க்காரர் அதே சாலையில் இன்னும் வேகமாக வீடு போய்ச் சேர்ந்தார்.

அதிகரித்த வரி யாருக்கு?

1970-களில் மத்திய அரசின் பணம் வற்றியது. நகரங்கள் தனியார் முதலாளிகளின் பக்கம் திரும்பின. டெட்ராய்ட்டில் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு முன்னின்று ஆற்றங்கரையில் ரினைசன்ஸ் சென்டர் என்ற கோபுரத் தொகுதியை 1977-ல் திறந்தார். நடுவில் 73 மாடி ஹோட்டல். தெருப்பக்கம் மண்மேடு எழுப்பி, ஊருக்கு முதுகைக் காட்டி நின்ற கட்டடம் அது. புதிதாக யாரும் வராததால் பக்கத்துப் பழைய அலுவலகங்களில் இருந்தவர்களே அங்கே குடிபெயர்ந்தார்கள். பழைய கட்டடங்கள் காலியாயின. ஆறே ஆண்டுகளில் உரிமையாளர்கள் கடன் தவணை கட்ட முடியாமல் திணறினார்கள். பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கித் தலைமையகமாக்கியது. இப்போது அந்த நிறுவனமும் கிளம்பியாயிற்று. கோபுரங்களில் இரண்டை இடிக்கும் யோசனை 2024 நவம்பரில் வெளியானது.

இன்றைய மறுசீரமைப்பின் இதயம் கட்டடம் இல்லை, ஒரு நிதி ஏற்பாடு. 'டிஃப்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள்: கூடுதல் வரியை முன்கூட்டியே அடகு வைத்துக் கடன் வாங்குவது. 1952-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. ஒரு பகுதியைச் சுற்றிக் கோடு கிழித்து, இன்று அதிலிருந்து வரும் சொத்து வரி 100 டாலர் என்று பதிவு செய்துகொள்வார்கள். இனி இருபது, முப்பது ஆண்டுகளுக்கு நகராட்சிப் பொதுக் கணக்குக்கும் பள்ளிக்கும் நூலகத்துக்கும் அந்த 100 மட்டும்தான். வரி 160 ஆக உயர்ந்தால் கூடுதல் 60 அந்தக் கோட்டுக்குள்ளேயே செலவாகும். அதை நம்பி இன்றே கடன் பத்திரம் வெளியிட்டுச் சாலையோ அரங்கமோ கட்டலாம்.

இதற்குச் சொல்லப்படும் நியாயம்: திட்டம் இல்லாவிட்டால் அந்த 60 வந்தே இருக்காது, அதனால் யாருக்கும் இழப்பில்லை. இந்த வாதம் முழுவதும் 'வந்தே இருக்காது' என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. விலைவாசி ஏறினாலே முப்பது ஆண்டில் வரி கூடும். பக்கத்துத் தெருவில் திறக்க இருந்த உணவகம் சலுகைக்காகக் கோட்டுக்குள் வந்தால் அதுவும் புதிய வளர்ச்சியாகத்தான் கணக்கில் ஏறும். கலிஃபோர்னியாவில் சுமார் 400 மறுசீரமைப்பு முகமைகள் இப்படி மாநிலத்தின் மொத்தச் சொத்து வரியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருந்தன. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2012-ல் அத்தனையையும் கலைத்தார். இந்த முறையைக் கண்டுபிடித்த மாநிலமே அதற்கு மூடுவிழா நடத்தியது என்பதை மற்ற மாநிலங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

டெட்ராய்ட் 2013 ஜூலை 18 அன்று, ஏறக்குறைய 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு போட்டது. அதே மாதம், ஐஸ் ஹாக்கி அரங்கம் ஒன்றுக்கான கடன் பத்திரத் திட்டத்துக்கு மாநில அரசின் ஒப்புதல் கிடைத்தது. 2017-ல் திறந்த லிட்டில் சீசர்ஸ் அரங்கம்தான் அது. பொதுப்பணம் மட்டும் 30 கோடி டாலருக்கு மேல். அதை அடைப்பது நகர மையத்தின் கூடுதல் வரி. அதில் பள்ளிக்குப் போக வேண்டிய வரியும் உண்டு. பள்ளிகளுக்கு விழும் துண்டை மாநில அரசு ஈடுகட்டுகிறது. அதாவது, அரங்கத்தின் பக்கமே வராத மிஷிகன்வாசியும் தன் பங்கைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அரங்கத்தைச் சுற்றி ஐந்து புதிய குடியிருப்புப் பகுதிகள் எழும் என்று 2014-ல் சொன்னார்கள். ஆண்டுகள் ஓடியும், வந்தவற்றில் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் கார் நிறுத்துமிடங்கள். ஹாக்கி லீக் பருவத்தில் சொந்த ஊர் ஆட்டம் நாற்பது சொச்சம், கூடைப்பந்துக்கும் அவ்வளவே. கச்சேரிகளையும் சேர்த்தாலும் பாதி நாள் விளக்கு எரியாத கட்டடத்தைச் சுற்றி மளிகைக்கடை வராது.

டெட்ராய்ட் மையம் மீளவில்லை என்று சொல்ல வரவில்லை. 2010-ல் டான் கில்பர்ட் தன் அடமானக் கடன் நிறுவனத்தைப் புறநகரிலிருந்து நகரத்துக்குக் கொண்டுவந்தார். மலிவாகக் கிடந்த பழைய கட்டடங்களை நூற்றுக்கும் மேல் வாங்கினார். ஹட்சன்ஸ் இருந்த மனையில் இன்று நகரின் இரண்டாவது உயரமான கட்டடம் நிற்கிறது. 1988-ல் கடைசி ரயில் போனபின் சிதைந்து கிடந்த மிஷிகன் சென்ட்ரல் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் புதுப்பித்து 2024-ல் திறந்தது. 1957-க்குப் பிறகு முதல்முறையாக 2023-ல் நகரின் மக்கள்தொகை கூடியதாகக் கணக்கெடுப்புத் துறை மதிப்பிட்டது. இவை சின்ன விஷயங்கள் இல்லை.

ஆனால் அதே நகரத்தின் மற்றப் பகுதிகளில் 2010-க்கும் 2016-க்கும் இடையே, வீடுகளின் மதிப்பைக் கூட்டிப் போட்டதால் குறைந்தது 60 கோடி டாலர் அதிக வரி வசூலாகியிருக்கிறது என்று உள்ளூர் நாளிதழ் ஒன்று கணக்கிட்டது. வீட்டு விலைகள் சரிந்தபோது நகராட்சியின் பதிவேட்டில் மட்டும் சரியவில்லை. அந்த வரியைக் கட்ட முடியாமல் வீட்டை ஏலத்தில் இழந்தவர்கள் உண்டு. மையத்தில் வரிச்சலுகை, வெளியே அதிக வரி. இரண்டும் ஒரே பத்தாண்டில் நடந்தவை.

அலுவலகம் வீடாகுமா?

செயின்ட் லூயிஸ் கோபுரம் போன்றவற்றை வீடுகளாக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். எல்லாக் கட்டடத்துக்கும் அது ஒத்துவராது. 1930-க்கு முன் கட்டிய அலுவலகங்களில் மின்விளக்கும் குளிர்சாதனமும் இன்றுபோல் இல்லாததால், எந்த மேசையும் சன்னலுக்கு அருகில் இருக்கும்படி கட்டினார்கள். நடுவே வெளிச்சத்துக்குத் திறந்த முற்றம் விட்டார்கள். அவற்றைச் சுவர் போட்டுப் பிரித்தால் வீடு. 1970, 80-களின் கண்ணாடிப் பெட்டிகளில் தளத்தின் நடுப்பகுதி சன்னலிலிருந்து வெகுதூரம். அங்கே படுக்கையறை போட முடியாது, தண்ணீர்க் குழாயும் தளத்துக்கு ஒரே இடத்தில்தான் இருக்கும். கிளீவ்லேண்ட் இதில் முன்னோடி. வரலாற்றுக் கட்டடங்களைப் புதுப்பித்தால் செலவில் 20 சதவீதத்துக்கு மத்திய வரிச்சலுகை உண்டு. ஓஹையோ மாநிலமும் தன் பங்குக்கு ஒன்று தருகிறது. அந்தக் கணக்கில் பழைய வங்கிகளும் அலுவலகங்களும் அங்கே வரிசையாகக் குடியிருப்பாயின.

நகராட்சிக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. டெட்ராய்ட்டில் வேலை பார்க்கும் வெளியூர்க்காரர் தன் சம்பளத்தில் 1.2 சதவீதம் நகரத்துக்கு வரி கட்ட வேண்டும். செயின்ட் லூயிஸில் எல்லோருக்கும் 1 சதவீதம். நகருக்கு வெளியே தன் வீட்டிலிருந்து வேலை செய்யும் வெளியூர்க்காரர் அந்த நாட்களுக்குக் கட்டத் தேவையில்லை என்று செயின்ட் லூயிஸ் வழக்கில் 2023-ல் தீர்ப்பானது. மேசை காலியானால் கட்டட உரிமையாளருக்கு மட்டும் நட்டம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அப்போதுதான் நகராட்சியின் அடிமடியிலும் அது கைவைப்பது உறைத்தது.

கோடு அழிந்தால்

ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகர மையத்துக்கு வடக்கே ஓவர் த ரைன் என்ற பழைய ஜெர்மானியக் குடியிருப்பு. ஒரு காலத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழ்ந்த இடத்தில் 2000-ல் சுமார் 7,600 பேர்தான் இருந்தார்கள். 2001 ஏப்ரலில் ஆயுதமற்ற ஒரு கறுப்பின இளைஞரைக் காவலர் சுட்டுக்கொன்றதைத் தொடர்ந்து அங்கே கலவரம் வெடித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து மேயரும் ஊரின் பெருநிறுவனங்களும் சேர்ந்து 3சிடிசி என்ற லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இடிக்காமல், கட்டடம் கட்டடமாகப் பழுதுபார்த்தது அந்த அமைப்பு. வாஷிங்டன் பார்க்கைப் புதுப்பித்து 2012-ல் திறந்தது. கட்டடக் கண்ணோடு பார்த்தால் நாட்டின் மிகச் சிறந்த மீட்பு இதுவாக இருக்கலாம். ஆனால் மிகக் குறைந்த வருமானக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் 2002-ல் 3,200-க்கு மேல் இருந்தவை, 2015-ல் 900-க்கும் கீழே போயின. புல்டோசர் செய்ததை இங்கே வாடகை செய்தது. வித்தியாசம் என்னவென்றால் இம்முறை நகரத்துக்கு நேரம் இருந்தது: விலை ஏறும் முன்பே அந்த வீடுகளில் ஒரு பங்கை வாடகை வரம்போடு நிலைநிறுத்தியிருக்க முடியும். மலிவாகக் கிடைத்த காலத்தில் அது யாருக்கும் அவசரமாகப் படவில்லை.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் வேறொன்றைச் செய்தது. அதன் மையத்தைச் சுற்றி 1965-ல் முடிந்த பள்ளச் சாலை ஒன்று இருந்தது. உள்ளூரில் அதை அகழி என்றே கிண்டலடிப்பார்கள். மக்கள்தொகை குறையக் குறைய அந்தச் சாலையில் கார்களும் இல்லை. 2014-ல் கிழக்குப் பகுதியை மண் போட்டுத் தூர்க்கத் தொடங்கி 2017-ல் சாதாரணத் தெருவாக்கினார்கள். கிடைத்த சுமார் ஆறு ஏக்கரில் 500-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள். அவற்றில் கணிசமானவை சந்தை விலைக்குக் குறைவான வாடகையில். நிலம் நகராட்சியின் கையில் இருந்ததால்தான் இந்த நிபந்தனை சாத்தியமானது. டெட்ராய்ட்டின் ஐ-375-ஐயும் தெருவாக்க மத்திய அரசு 2022-ல் 10 கோடி டாலருக்கு மேல் மானியம் அறிவித்தது. அங்கே நடக்கும் சண்டையும் சாலையைப் பற்றியதைவிட, கிடைக்கும் நிலம் யாருக்கு என்பதைப் பற்றியதுதான்.

நகராட்சியின் கையில் இல்லாத நிலத்தை என்ன செய்வது? நகர மையத்தைச் சுற்றி நிற்கும் தார் போட்ட கார் நிறுத்துமிடங்கள் அப்படிப்பட்டவை. கட்டடம் இல்லாததால் வரி சொற்பம். நாள் வாடகை வந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் பொதுப்பணத்தில் அரங்கம் வந்தால் நிலத்தின் விலை சும்மா இருக்கும்போதே ஏறும். கட்டடம் கட்டினாலோ வரி பாயும். இதில் உரிமையாளரைக் குறைசொல்லிப் பயனில்லை; விதி அப்படி. வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் ஜோ மினிகோஸி என்ற திட்ட வல்லுநர் போட்ட கணக்கு இந்த விஷயத்தில் பலர் கண்ணைத் திறந்தது. நகர விளிம்பில் இருந்த வால்மார்ட் ஒரு ஏக்கருக்குக் கொடுத்த சொத்து வரி சுமார் 6,500 டாலர். மையத்தில் புதுப்பித்த பழைய கட்டடம் ஒன்று ஏக்கர் கணக்கில் கொடுத்தது 6,34,000 டாலர்.

டெட்ராய்ட்டின் அன்றைய மேயர் மைக் டக்கன் 2023-ல் முன்வைத்த திட்டம் இந்த விதியையே மாற்றப் பார்த்தது: கட்டடத்தின் மீதான வரியைக் குறைத்து, நிலத்தின் மீதான வரியைக் கூட்டுவது. வீட்டுக்காரர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வரி குறையும், காலி மனைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் ஏறும். புதிய யோசனை இல்லை. பிட்ஸ்பர்க் 1913 முதல் இப்படித்தான் வசூலித்தது. 2001-ல் நில மதிப்புகளை ஒரேயடியாகத் திருத்தி எழுதியபோது வீட்டுக்காரர்களின் வரி எகிறியது. பழி இந்த முறையின் மேல் விழுந்து அது ரத்தானது. ஆக, நிலத்தின் மதிப்பை ஒழுங்காக, ஆண்டுதோறும் போடத் தெரியாத நகரத்தின் கையில் இந்தக் கருவி கையையே அறுக்கும். அறுபது ஆண்டுகளாக வீடுகளை முழுமையாக மறுமதிப்பீடு செய்யாமல் இருந்து, 2017-ல்தான் அதைச் செய்து முடித்த டெட்ராய்ட்டுக்கு இது சாதாரண எச்சரிக்கை இல்லை. முதலில் மாநில சட்டமன்றம் அனுமதிக்க வேண்டும், பிறகு நகர வாக்காளர்கள். மசோதாக்கள் சட்டமன்றத்தைத் தாண்டவில்லை; 2024 இறுதியில் அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடிந்தபோது மசோதாக்களும் காலாவதியாயின.